தளத்துக்குள் போன சேவல்

கல்யாணம் நிச்சயமான இளைஞனிடம் பொறுப்பான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. அவன் உடம்பு மட்டும்தான் வேலைக்கு வரும். எழுபதுகளில் சின்னக்கானல் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடப் போன இளம் இன்ஜினியரான என்னை வைத்தே இதைச் சொல்கிறேன்.

என் மனசு வடகரப்பதியில், தாய்மாமன் வீட்டு வாசலில் கிடந்தது. அங்கே மாமன் மகள் ராஜாமணி இருந்தாள். ஆனியில் கல்யாணம். அஸ்திவாரத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டால்தான் லீவு என்று பெரிய இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

அது சதுப்பு நிலம். பூமிக்குள் கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் தலையை உடைத்துக் கம்பிகளை வெளியே எடுத்து, நாலா பக்கமும் விரித்து, மேலே வரும் தளத்தின் கம்பிகளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தூணும் தளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். (அதை வரையும்போதுகூட அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.) கீழே ஒரு கம்பி வலை, மேலே ஒரு வலை, நடுவில் விரிந்த தூண்கம்பிகள். உள்ளே எது புகுந்தாலும் வெளியே வராது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

கான்கிரீட் போடும் நாள் காலையில் மாமா வந்து இறங்கினார், கக்கத்தில் கால் கட்டிய சேவலோடு. அஸ்திவாரத்துக்குச் சேவல் அறுக்காமல் எங்கள் ஆட்கள் குழியில் கலவையைக் கொட்ட மாட்டார்கள்.

"ஏனுங் மாப்ள, இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்றார். "இது ராஜாமணி வளத்த சேவலுங்க. கையில வெச்சுத்தான் தீனி போடுவா."

அவ்வளவுதான். சேவலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கை பட்ட இறகு. பாவம், கால் வலிக்குமே என்று கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

ஒரே பாய்ச்சல். ஓரத்துச் சந்தில் புகுந்து, இரண்டு வலைகளுக்கும் நடுவே ஓடி, ஒரு தூணின் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது.

மிக்சர் ஓட ஆரம்பித்திருந்தது. கம்பி கட்டும் மேஸ்திரி செல்லையா, "கெடக்கட்டும் சார். எப்படியும் காவு குடுக்கத்தானே வந்துச்சு? கொட்டிருவோம்" என்றார்.

"மிக்சரை நிறுத்துங்க. கம்பிக் கட்டுகளை அறுங்க" என்றேன்.

மேல் வலையின் கட்டுக்களை அறுத்து, விரித்திருந்த தூண்கம்பிகளை நிமிர்த்தினோம். சேவல் அடுத்த தூணுக்குப் போனது. அங்கேயும் அறுத்தோம். கடைசியில் நான் தலைகுப்புற உள்ளே இறங்கி வாலைப் பிடித்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. பெரிய இன்ஜினியர், கம்பிக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பவுண்டேஷனோ, கோழிக்கூடோ?"

மேற்கொண்டு அவர் மலையாளத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழி குளமானது, லீவு போனது, ஆனி முகூர்த்தமும் போனது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி வரை நானும் சேவலும் குவார்ட்டர்ஸில் குளிரில் கிடந்தோம். அவளிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம், மழை விடாத அந்தச் சாயங்காலங்களில் அதனிடம்தான் சொன்னேன். அப்படியொரு ஏக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

மழை விட்டதும், சந்தையில் வாங்கிய வேறொரு சேவலை அறுத்துத் தளத்தைப் போட்டு முடித்தோம். கல்யாணம் முடிந்ததும், ராஜாமணியின் சேவலைப் பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இதை ஏனுங்க அறுக்காம உட்டீங்க? தடங்கலில்லாம வேலை முடிஞ்சு நீங்க வெரசா வரோணும்னு, மனசைக் கல்லாக்கிட்டு நாந்தானுங்க குடுத்தனுப்புனேன்."

இப்போதும் நான் கடைக்குப் போய்த் திரும்ப நேரமானால், பேரப்பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே ராஜாமணி சொல்லிவிடுவாள்: "எங்கியாச்சும் சேவல் மாட்டியிருக்கும், வந்துருவாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நான் வரும்வரை வாசலை விட்டு அவள் நகர்வதில்லை.