பத்துப் பேரின் மாண்பு

உலகத்தில் ஆள் பெருத்து வாய்ப்பு சிறுத்த ஊர்கள் உண்டு. உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரத்து யூதத் தெரு அந்தக் கேட்டிலிருந்து முற்றாக மீண்டுவிட்டது என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறோம். பாதித் தெரு இஸ்ரேலுக்கும் மீதித் தெரு நியூயார்க்குக்கும் விமானம் ஏறிவிட்டதால், தங்கிவிட்ட ஒவ்வொரு தலைக்கும் இப்போது இரண்டு ‘வாய்ப்பு’ வீதம் கிடைக்கிறது.

இந்தப் பொற்காலம், போரிஸ் முல்லோகண்டோவ் வியன்னாவில் ஒரு கருத்தரங்குக்குப் போய், கழுத்தில் தொங்கும் அட்டையோடு திரும்பியதில் தொடங்கியது. மாதுளை வாங்கப் போகும்போதும் அட்டை தொங்கும். வந்த வாரமே ஜெப ஆலயத்தில் அவர் தலைமையில் ‘குடும்ப வழிபாடு மற்றும் கற்றல் வாய்ப்புகள் குழு’ உதயமானது. தம்பதியர் தோரா வேத வகுப்பு, மூச்சுப் பயிற்சியோடு சங்கீதத் துதிப்பாடல், மழலையர் ஓய்வுநாள் என்று வரிசையாக வந்தன. மழலைகள் கைவசம் இல்லாததால் மழலையர் பாட்டைத் தாத்தாக்கள் பாடினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. ஆகவே பெரிய கூடத்தில் காலங்காலமாக நடந்துவந்த வெறும் தொழுகை ஆளில்லாமல் நின்றுபோனது. ‘இடநெருக்கடி தீர்ந்தது’ என்று குழு மகிழ்ச்சி தெரிவித்தது.

இந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ளாத ஒரே ஆள் முடிதிருத்தும் நிசோன். அவனுடைய அப்பா இறந்து ஒரு வருடம். அந்த நாளில் மகன் எழுந்து கடீஷ் என்ற துதியைச் சொல்ல வேண்டும். சுற்றி ஆண்கள் நின்று ஆமென் சொல்ல வேண்டும். அவனோடு சேர்த்துப் பத்துப் பேர் இல்லாவிட்டால் அந்தத் துதிக்கு மதிப்பில்லை. யூதர்களுக்கு நாள் முந்தைய மாலையே தொடங்கிவிடும். அப்போதே போய் மூச்சுப் பயிற்சி அறைக் கதவைத் தட்டினான்.

“ஒரு அஞ்சு நிமிஷம் கூடத்துக்கு வந்துட்டுப் போங்களேன்.”

“மூச்சை உள்ள வச்சிருக்கோம் நிசோன், இப்ப விட முடியாது” என்றார் ஹிஸ்கியோ. அப்பாவோடு ஆயுள் முழுக்கப் பச்சைத் தேநீர் குடித்தவர்.

மறுநாள் காலையும் அதே கதைதான். பொழுது சாய்ந்தால் நாளே முடிந்துவிடும். நிசோன் கடையைப் பூட்டிவிட்டு போரிஸிடம் ஓடினான்.

“போரிஸ் அண்ணே, அப்பாவுக்குக் கடீஷ் சொல்லணும். பத்துப் பேரைச் சேர்த்துக் குடுங்க.”

“துக்கம்! அருமையான தலைப்பு. ஆனா இந்தப் பருவத்து அட்டவணை நிரம்பிப் போச்சேப்பா.”

“எங்கப்பா அட்டவணை பாத்துச் சாகலண்ணே.”

“அதுதான் நம்ம சமூகத்தோட குறையே. திட்டமிடலே கிடையாது.” சொல்லும்போதே போரிஸின் முகம் மலர்ந்தது. “அட, சாயங்காலம் பெரிய கூடத்துல பயிலரங்கு இருக்கே! தலைப்பே ‘பத்துப் பேரின் மாண்பு’. என்னோட சேத்து ஒன்பது பேர் இருக்கோம். துக்கக்காரர் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்காமத் தவிச்சேன்.”

“வேஷமா?”

“உனக்கு நல்லாப் பொருந்தும், வா.”

வேஷமோ நிஜமோ, பத்து வாய் ஒன்றாகக் கூடினால் போதும் என்று நிசோன் தலையாட்டினான்.

கூடத்தில் எண்ணிப் பார்த்தான். மனிதர்களை எண்ணினால் கண்பட்டுவிடும் என்பதால் ‘ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல’ என்றுதான் எண்ணுவார்கள். ‘பத்து இல்ல’ என்று முடித்தபோது அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

போரிஸ் திரையில் பத்து வட்டங்களைக் காட்டினார். ஒவ்வொரு வட்டத்துக்கும் விளக்கம் இருந்தது. விளக்கங்களுக்குக் கேள்விகளும் இருந்தன. வெளியே வெயில் மதில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, பொழுது போகுது!”

“உணர்ச்சியைச் சேத்து வை நிசோன், மேடைக்கு உதவும்.” பிறகு போரிஸ் குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் கவனிங்க. இது ஒத்திகை. ஒத்திகைக்குச் சொல்ற ஆமென் வீண் ஆமென். வீண் ஆமென் பாவம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. யாரும் வாயைத் திறக்கப்படாது.”

“எனக்கு இது ஒத்திகை இல்லண்ணே! அவரு எங்கப்பா!”

“பாத்தீங்களா? அதுக்குள்ள வேஷத்துல இறங்கிட்டான்!”

நிசோன் ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான், சொல்லத் தொடங்கினான். ஆமென் வரவேண்டிய முதல் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தான். ஹிஸ்கியோவின் உதடு பிரிந்தது. போரிஸ் விரலை உயர்த்தினார். உதடு மூடிக்கொண்டது. அடுத்த இடத்திலும் அவன் நிறுத்தினான். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கண்ணீர் தாடிக்குள் இறங்க, கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தான். நமது குழுவின் கற்பித்தல் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது பாருங்கள்: அத்தனை கற்றவர்களில் ஒருவர்கூடத் தப்பித் தவறி ஓர் ஆமென் சொல்லவில்லை.

ஜன்னல் இருண்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

போரிஸ் அவன் தோளைத் தட்டினார். “அந்த அழுகை! அப்படியே நிஜம் மாதிரி. அடுத்த வாரம் தாஷ்கண்ட்லேர்ந்து விருந்தாளிங்க வராங்க. இதே மாதிரி இன்னொரு தடவை செஞ்சிடு.”

நிசோன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“கட்டாயம் வரேண்ணே. ஆனா அன்னிக்குச் செத்தவர் வேஷம் உங்களுக்கு. தனக்காக ஒருத்தனும் வாயைத் திறக்கலைன்னா எப்படி இருக்கும்னு படுத்துக்கிட்டே கத்துக்கலாம். நல்ல வாய்ப்பு.”