கணக்கு டீச்சருக்கு நானே கொடுத்த நற்சான்று

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். பஸ் நேரத்துக்கு வந்தால், அது தாமதமாக வந்த முந்தின பஸ்ஸாக இருக்குமோ என்று யோசிப்பேன். இந்தக் குணம் என்னை எந்த ஆபத்திலிருந்தும் காப்பாற்றியதில்லை. ஒரே ஒரு தடவை என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

சாத்தான்குளம் தாண்டி, பனங்காட்டு ஊர் ஒன்றில் இருந்த சின்ன அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்போது நான் கணக்கு டீச்சர். சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு ஏப்ரல் மாதம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆறாம் வகுப்புல பிள்ளைக சேரலன்னா ஒரு டீச்சரை உபரின்னு வேற ஊருக்குத் தூக்கிருவாவ. கடைசியா வந்தது நீங்கதாம்மா."

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. (வெளியே சொன்னால் பறித்துக்கொள்வார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.) வீடு வீடாகப் போய், "பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க" என்று கெஞ்சினேன். எனக்கு முன்னாலேயே தனியார் பள்ளி ஆட்கள் வந்து, வேன், ஷூ, இங்கிலீஷ் என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்குள் யார் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தாலும், நம் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போக வந்தவர் என்றே எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் மதியம், எதிர்க்கடை அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்க இருந்தாள். அவளை நான் மனசுக்குள் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தேன்.

"டீச்சர், கார்ல ஒரு அம்மாவும் ஐயாவும் வந்திருக்காவ. கணக்கு டீச்சர் எப்படி, கோவக்காரியா, லீவு போடுவாளான்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்காவ."

"எதுக்கு வந்தாங்களாம்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம்ங்காவ."

சும்மா போக அந்த ஊருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. ரோடு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே என்மேல் குற்றம் கண்டுபிடித்து, அதைச் சொல்லியே பிள்ளைகளை இழுக்கும் திட்டம் என்று முடிவு கட்டினேன்.

நேரே போய்க் கேட்டால் உஷாராகிவிடுவார்கள் அல்லவா? சத்துணவுக் கூடத்துக்குள் போய், ஆயாம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, சமையல்காரியாக வெளியே வந்தேன்.

"ஏம்மா, அந்தக் கணக்கு டீச்சர் எப்படி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தங்கமான பிள்ளைலா! லீவே போடமாட்டா. ஞாயித்துக்கிழமையும் வந்து பாடம் நடத்துவா."

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகமாட்டாளா?"

"பள்ளிக்கூடந்தான் கோயிலும்பா."

அந்த அம்மாவின் முகம் கறுத்தது. அடி விழுகிறது என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இந்தப் பிள்ளைகள விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன், கல்யாணமே கட்டமாட்டேன்னு பைபிள்ல கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்கா!"

(எனக்கே அது புதுச் செய்தி.)

அந்த ஐயா படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா காருக்குப் பக்கத்தில் போய் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. என் அம்மா!

"ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரவ உன்னைப் பத்தி விசாரிக்க அங்க வந்திருக்காவ. நீ கல்யாணமே வேண்டாம்னு சத்தியம் பண்ணிருக்கியாம்லா! எவளோ சமையல்காரி சொன்னாளாம். அவ மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

பெண்ணுக்குச் சொல்லாமல் அவள் வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தரகரிடம் என் போட்டோ இருந்தது உண்மைதான். ஆனால் ஸ்டூடியோக்காரர் பூசியிருந்த வெள்ளையில் என் அப்பாவுக்கே அடையாளம் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வராந்தாவிலிருந்து கத்தினார்.

"கணக்கு டீச்சர், கரண்டியோட அங்கன என்ன பண்ணுதிய?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். நான் உபரி, வேன், ஆறாம் வகுப்பு என்று எல்லாவற்றையும் உளறி, அழுதும் தொலைத்தேன். அவர் ஐயாவைக் கையைப் பிடித்து எழுப்பிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துச் சம்மதம் என்று தகவல் வந்தது. ஏன் என்று, என் மாமியாராகிவிட்ட அந்த அம்மா இன்றுவரை சொன்னதில்லை. (அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.) அண்ணாச்சி மகளும் இன்னும் சிலரும் சேர, என் வேலையும் அங்கேயே தங்கியது.

ஆனால் நான் எதைச் சொன்னாலும் மாமியார் இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார். "மீன் குழம்புக்கு உப்பு போட்டாச்சு" என்றாலும், "இதைச் சொல்லுதது டீச்சரா, சமையல்காரம்மாவா?" என்பார். இப்போது என் மகள்வரை அந்தக் கேள்வியைக் கேட்கிறாள்.

போன வருஷம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இடம் காலியானது. தினமும் அந்தப் பனங்காட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சலித்துவிட்டது, கலந்தாய்வுக்குப் போய் மாறுதல் வாங்கிவிடப் போகிறேன் என்றேன். மாமியார் கீரை ஆய்ந்தபடியே கேட்டார்.

"இதைச் சொல்லுதது யாரு?"

"டீச்சர்தான் அத்தை."

"அப்ப அந்தச் சமையல்காரம்மாட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கலந்தாய்வுக்கு நான் போகவில்லை.