மூன்று ஓட்டை கேஸ்கட்

இனி அருணா, மணிவேலின் ஜீப்பில் முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று தனசேகரன் ஒரு வியாழக்கிழமை காலை உறுதியாக முடிவெடுத்தான். அவன் முடிவெடுத்து முடித்தபோது அருணா அந்த ஜீப்பில், அதே முன் சீட்டில், ஐந்தாவது வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

தனசேகரனிடமும் ஜீப் இருந்தது. அதுதான் கொடுமை. சொந்தக் கணவன், சொந்த ஜீப், பக்கத்தில் ஆளில்லாத சொந்த முன் சீட். இவ்வளவும் இருக்க, மனைவி அடுத்த வீட்டுக்காரன் வண்டியில் போகிறாள்.

மலைமேல் இருந்தாலும் அவர்கள் ஊர் ஒரு பள்ளத்தில் கிடந்தது. ஒடுகத்தூருக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஏழு வளைவு ஏறியாக வேண்டும். தனசேகரனின் ஜீப் ஐந்தாவது வளைவில் நின்று பொங்கும். மற்றவர்களுக்குப் பொங்கல் வருஷத்துக்கு ஒரு முறை. அவன் ரேடியேட்டருக்கு வாரா வாரம். அருணா மகளிர் குழுவின் சாமை மூட்டைகளோடு வழியில் காத்துக் கிடப்பாள். கீழே வியாபாரி கடையைச் சாத்திவிடுவான். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி அவள் ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "வெயில் சூடும்மே, தானா அடங்கிடும்" என்பான் தனசேகரன், மார்கழி மாதத்தில்.

அன்று மத்தியானமே அருணா திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னா, இத்தினி சீக்கிரம்?"

"மணிவேலு வண்டியாச்சே. ஏறனதும் தெரில, எறங்கனதும் தெரில."

"அவன் வண்டிக்கு ரெக்கை மொளைச்சிக்கீதா?"

"ரெக்கை இல்லீங்க. டர்போ."

குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு அருணா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டர்போவா? யார் சொன்னது?"

"வெளிய சொல்லாதீங்க அண்ணின்னு சொல்லிக்கீறாரு. நான் எதுக்குச் சொல்லப்போறேன். அந்த விசில் சத்தம் உங்க காதுல வுழலியா?"

விழுந்திருக்கிறது. தினமும் காலையில் மணிவேலின் ஜீப் 'உய்ங்' என்று கிளம்பும். இத்தனை நாள் அது சத்தமாக இருந்தது. அந்த நிமிடம் வயிற்றெரிச்சலாக மாறியது. டீசலைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்வது அது ஒன்றுதான்.

மறுநாள் தனசேகரன், கண்ணமங்கலத்துப் பெரியம்மா ஜெயம்மாளுக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். அருணா வருத்தப்பட்டாள். மூன்று சுரைக்காயைப் பையில் போட்டு, "பெரிம்மாவுக்குக் குடுங்க, ஒடம்பு சூட்டுக்கு நல்லது" என்றாள். அந்தச் சுரைக்காய்கள் ஒடுகத்தூர் மெக்கானிக் பாண்டுரங்கனின் மேசையில் போய் உட்கார்ந்தன.

"டர்போ கெடக்கட்டும்" என்றார் பாண்டுரங்கன். "மொதல்ல இன்னா ஹெட் கேஸ்கட் போடப்போற?"

"இருக்கறது போதாதாணா?"

"மேல கீறது ஹெட்டு. கீழ கீறது பிளாக்கு. நடுவுல கீற தகடுதான் கேஸ்கட்டு. மேல இருந்து அமுக்குவாங்க, கீழ இருந்து ஒதைப்பாங்க. ரெண்டையும் வாய மூடிக்கினு தாங்கணும்."

"எங்க வூட்ல அந்த வேல எனக்குணா."

"டர்போ போட்டா காத்து அமுக்கிக்கினு என்ஜின் உள்ள போவும், இழுப்பு கூடும். பழைய தகடு பிச்சிக்கும். சரி, பூஸ்ட் எத்தினி வேணும் உனக்கு?"

"எனக்கு டீயே போதும்ணா."

பாண்டுரங்கன் ஒரு தரம் சுரைக்காயைப் பார்த்தார், ஒரு தரம் அவனைப் பார்த்தார், பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

ஹெட்டைக் கழற்றியதும் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகி உதிர்ந்தது. "இத்த வெச்சிக்கினா மலை ஏறன? கேஸ்கட் இல்லய்யா இது, அப்பளம். தண்ணி பூரா பொங்கி இருக்குமே."

"லேசா" என்றான் தனசேகரன்.

புதிய ஸ்டீல் தகடுகள் மூன்று மேசைக்கு வந்தன. ஒன்றின் ஓரத்தில் ஒரு ஓட்டை, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. ஓட்டை கூடக்கூடத் தகடு தடிமன்.

"பிஸ்டன், பிளாக்குக்கு மேல எத்தினி எட்டிப் பாக்குதோ, அதுக்குத் தக்கன தகடு" என்று அளந்து பார்த்தார். "உனக்கு ரெண்டு ஓட்டை."

"மணிவேலு எத்தினி போட்டுக்கீறான்?"

"அவன் எங்கிட்ட வர்றதில்ல."

"அப்ப எனக்கு நாலு குடுங்க."

"நாலு கெடையாது."

"அவன் மூணு வெச்சிருந்தா நான் ரெண்டோட தோத்துப்போவணுமா?"

"யோவ், இது ஓட்டு எண்ற எடம் இல்ல. ஓட்டை எண்ற எடம்." பாண்டுரங்கன் பொறுமையாகச் சொன்னார். "டர்போ நிச்சயமா போடறதா இருந்தா மூணு போடலாம். தகடு தடிச்சா உள்ள அமுக்கம் கொறையும், என்ஜின் தாங்கும். டர்போ போடாம மூணோட ஓட்டினா, குளிர்ல காலைல ஸ்டார்ட் ஆவறதுக்குள்ள உன் உசுர வாங்கிடும்."

"நிச்சயமா போடறேன். மூணு."

"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கினு வா. போல்ட்ட மறுக்கா முறுக்கிட்டு டர்போவப் பாக்கலாம்."

திரும்பி வரும்போது ஜீப் எங்கும் நிற்கவில்லை. எல்லா வளைவையும் ஒரே மூச்சில் தாண்டியது. தனசேகரன் வேண்டுமென்றே மணிவேலின் வாசலில் ஒரு முறை ஹாரன் அடித்தான்.

"பெரிம்மா எப்பிடிக் கீறாங்க?" என்று அருணா கேட்டாள்.

"பரவால்ல. சூடு கொறஞ்சிடிச்சி."

"நல்ல டாக்டர் போல" என்றாள் அருணா.

அடுத்த வியாழக்கிழமை அவன் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே மூட்டைகளை அவன் ஜீப்பில் ஏற்றினாள். தனசேகரன் முன் சீட்டைத் துணியால் இரண்டு முறை துடைத்தான். பிறகு சாவியைத் திருப்பினான்.

தைக் குளிரில் என்ஜின் முனகியது. இருமியது. வெள்ளைப் புகை விட்டது. மறுபடி முனகியது. சத்தம் கேட்டு வந்து, கேட்காமலே பின்னால் போய்த் தள்ளியவன் மணிவேல். பத்தடி உருண்டு வண்டி உயிர் பெற்றது. மணிவேல் மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தான்.

"ணா, நீங்க இன்னா டயர் போடப்போறீங்க?"

"இன்னா டயரு?"

"நாலும் புதுசா மாத்தப்போறீங்களாமே. வெளிய சொல்லாதன்னு அண்ணி சொன்னாங்க. அதான் நான் முந்தாநாளே முந்திக்கினேன்."

தனசேகரன் எட்டிப் பார்த்தான். போன வாரம் வரை வழுக்கையாக நின்ற மணிவேலின் ஜீப் நான்கு கருப்புப் புது டயரில் நிமிர்ந்து நின்றது.

"அது இருக்கட்டும். உன் டர்போ எங்க வாங்கன?"

"டர்போவா? எனக்கா?"

"அந்த விசிலு?"

"சைலன்சர்ல ஓட்டைணா" என்று மணிவேல் வெட்கத்தோடு சொன்னான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அருணா மூட்டைக் கட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அப்பிடிப் பாக்கறீங்க? புளி சீசன் வருது. ரெண்டு வண்டியும் நல்லா இருந்தாத்தான் குழுவுக்குக் கட்டுப்படியாவும்."

 போனது போகட்டும், நினைத்த காரியமாவது நடக்கட்டும் என்று தனசேகரன் முன் கதவைத் திறந்துவிட்டான். மணிவேல் பார்க்கிறானா என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

"சரி, ஏறி உக்காரு."

"நான் பஸ்ல போய்ட்டு வர்றேங்க" என்றாள் அருணா. "அந்த சீட்ல இன்னும் ரெண்டு மூட்டை புடிக்கும்."