அக்காவின் ஆல்பத்தில் இரண்டு சூரியன்கள்

கடலில் சூரியன் மறைவதைப் படமெடுக்க விரும்புகிறவர் உறவினரை உடன் அழைத்துச் செல்லக் கூடாது. இயற்கை ஒத்துழைக்கும், சித்தப்பா ஒத்துழைக்க மாட்டார். அக்காவின் திருமணத்துக்கு அடுத்த ஞாயிறன்று, பிரான்சின் நோர்மண்டிக் கடற்கரையில் இதைக் கற்றேன். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போது இலக்கியப் படிப்பின் முதல் ஆண்டில் இருந்தேன். புகைப்படக் கலை குறித்து நூலகத்தில் இருந்தவற்றையெல்லாம் வாசித்திருந்தேன். படமெடுத்தது சன்னலோரப் புறாக்களை மட்டுமே. ஆயினும் திருமண ஆல்பத்தின் அட்டைப்படத்தை எடுக்கும் பொறுப்பை அக்காவிடம் கேட்டுப் பெற்றிருந்தேன். (வீட்டில் நான் வாய்திறந்து கேட்ட முதல் விடயம் அதுவாகத்தான் இருக்கும்.)

என் திட்டம் தெளிவானது. அடிவானம் படத்தின் கீழ்ப்பகுதியில் மயிரளவும் சாயாமல் கிடக்க வேண்டும். சூரியன் நீரைத் தொடும் கணத்தில் அக்காவும் அத்தானும் ஓர் ஓரத்தில் கரிய நிழலுருவங்களாக நிற்க வேண்டும். மீதி முழுவதும் வானம்.

அம்மா கமெராத் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, ரெண்டு பேரும் கரிக்கட்டை மாதிரி நிக்கினம்?"

"அப்பிடித்தான் அம்மா எடுக்கிறது."

"கூறைச்சீலை எங்கை? தாலிக்கொடி எங்கை? லா சப்பல்ல கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது இருட்டுக்கை நிக்கவோ?"

"மாமி, இதிலை நான் எந்தப் பக்கம்?" என்று அத்தான் தூரத்திலிருந்து கவலையுடன் விசாரித்தார்.

நான் அடிவானத்தைச் சரிபார்த்துக் காத்திருந்தேன். சூரியன் நீரைத் தொட்டது. பொத்தானை அழுத்தப்போன வேளையில் பின்னாலிருந்து வெள்ளொளி பாய்ந்தது. சித்தப்பா காரைச் சரிவின் விளிம்புவரை இறக்கி, முன்விளக்குகளைப் போட்டிருந்தார்.

"இப்ப எடு பிள்ளை! நகையெல்லாம் பளிச்செண்டு தெரியுது!"

"லைற்றை நூருங்கோ, சித்தப்பா!"

கத்தினேன். (என் கத்தல் பிறருக்குச் சாதாரணப் பேச்சு, அலையோசையில் அதுவுமில்லை.) ஓடிச்சென்று விளக்கை அணைப்பித்துத் திரும்பியபோது பாதிச் சூரியன் கடலுக்குள் போயிருந்தது. கிடைத்தது ஒரேயொரு படம். ஆனால் அது நல்ல படம். எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

அதை அம்மா, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஆல்பம் அச்சிடும் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அதைத் 'திருத்தினார்'. என் நிழலுருவங்களை அகற்றிவிட்டு, மண்டபத்தில் மாலையும் நகையுமாய் நின்ற மணமக்களை வெட்டிவந்து கடற்கரையில் நிறுத்தினார். இருவர் தலைகளுக்கும் நடுவே தேங்காய் அளவில் முழுச் சூரியன் ஒன்றை ஏற்றினார். என் அரைச் சூரியனை அழிக்க மறந்தார்.

கடைக்கே போனேன். "அண்ணை, இதிலை ரெண்டு சூரியன் இருக்கு."

"கீழை கிடக்கிறது தண்ணியிலை தெரியிற நிழல் எண்டு நினைப்பினம், தங்கச்சி. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

ஒருவரும் கேட்கவில்லைதான். பாராட்டினார்கள். அட்டையின் அடியில், அம்மாவின் ஏற்பாட்டில், 'ஒளிப்பதிவு' என்று பொன்னெழுத்தில் என் பெயர் இருந்தது. அன்றுமுதல் வெயில் கடுமையான நாளிலெல்லாம் சித்தப்பா, "இவள் எடுத்த மற்றச் சூரியனும் வந்திட்டுதாக்கும்" என்கிறார். விளக்குப் போட்ட மனிதர் சொல்கிறார் இதை!

சென்ற வாரம் அக்காவின் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவள் வரைந்த கடலுக்கு மேல் இரண்டு சூரியன்கள். ஆசிரியை ஒன்றைக் கோடிட்டு அடித்துவிட்டாராம்.

"மேத்ரெஸுக்கு ஒண்டும் தெரியேல்லை, சித்தி. நீங்க வந்து சொல்லுங்கோ."

உலகில் ஒரு சூரியன்தான் என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா ஆல்பத்தை அலுமாரியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

"போய்ச் சொல்லன். நீ எடுத்ததுதானே? பேரும் போட்டிருக்கு."