குடைக்காரரின் வெள்ளிக்கிழமைப் பலகை

மழை வராது, மழை வராது என்று சொல்லியே தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட குடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. குடை தைக்கிறவர், அதனால் குடைக்காரர்.

கிழிந்த குடையை நீட்டினால் வாங்க மாட்டார். முதலில் வானத்தைப் பார்ப்பார். அதற்குள் நாம் ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம்.

"இந்த வாரம் இதுக்கு வேலை இல்லம்மா. அடுத்த வாரம் கொண்டாங்க."

அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வாள். "வந்த கிராக்கிய தொரத்துறதுக்கு ஒரு கடையாம், அதுக்கு ஒரு பூட்டாம்!"

கடைத் தூணில் ஒரு கரும்பலகை தொங்கும். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாரத்து வானிலையை அதில் எழுதுவார். என்னைப் போலப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே மேகத்தைப் படமாகவும் போடுவார். அடி தட்டையாக, மேலே பொங்கிய சோறு மாதிரி வெள்ளையாக இருந்தால் பஞ்சுப்பொதி; மழை இல்லை. உயரத்தில் கீற்றுக் கீற்றாக இழுத்திருந்தால் குதிரைவால். இரண்டு நாளில் வானம் மாறும். கறுத்து, கோபுரமாக எழும்பி, உச்சி பரந்தால் இடி. மாட்டை அவிழ்த்துக் கட்டு. நான் படித்த படிப்பு இவ்வளவுதான். இன்னும் மறக்கவில்லை.

எழுதியதை அடுத்த வெள்ளிவரை அழிக்க மாட்டார். ஒருமுறை 'மழை இல்லை' என்று எழுதிய மறுநாளே வேதாரண்யம் பக்கமிருந்து மழை பிய்த்துக்கொண்டு வந்தது. மனுஷர் பலகைக்குக் குடை பிடித்துக்கொண்டு தெப்பமாக நனைந்து நின்றார். தன் தலைக்கு மட்டும் குடை பிடித்ததே கிடையாது. பிடித்தால் மேகத்தை மறைக்குமாம்.

அது கம்பத்துக்குக் கம்பம் கொடி பறந்த காலம். கறுப்புக் குடையில் சிவப்பு நூல் போட்டுத் தைத்தார் என்பதற்காக அவரையும் ஒரு கட்சியில் சேர்த்துவிட்டார்கள். கறுப்பு நூல் தீர்ந்துபோனது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். வயலுக்குச் சொந்தக்காரரான பெரிய பண்ணை அசையவில்லை. மழை வந்தால் கதிர் தண்ணீரில் விழுந்து முளைத்துவிடும். அவர் எங்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மழை வராவிட்டால் அவர் காத்திருக்கலாம். எங்கள் வயிறு காத்திருக்காது. ஆக, எல்லாம் வெள்ளிக்கிழமைப் பலகையில் வந்து நின்றது.

வியாழக்கிழமை பண்ணையே கடைக்கு வந்தார். தன் பிரம்புக் கைப்பிடிக் குடையை நீட்டினார்.

"இதைத் தைச்சு வை. நாளைக்கு மழை இல்லைன்னு போடு."

"குடையைத் தைக்கிறேங்க. மேகத்தைத் தைக்க முடியாதுங்க."

சாயங்காலம் நான் போனேன். "அண்ணே, மழைன்னு போடுங்கண்ணே. பத்து நாளா அடுப்பு எரியல."

"தெரிஞ்சதத்தான் எழுத முடியும் தங்கச்சி. ஒனக்கு வேணுங்கிறத எழுதுனா அது பலகை இல்ல."

விடிந்தால் பலகையில் பஞ்சுப்பொதி.

"எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களேண்ணே!" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவர் சாக்பீஸைத் துடைத்து வைத்தார். பண்ணை, "இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும், தானா வருவாளுக" என்றாராம்.

திங்கட்கிழமை உச்சி வெயில். வானத்தில் நகக்கண் அளவு மேகம் இல்லை. குடைக்காரர் கடையைச் சாத்தினார். ஒரு குடையை விரித்துத் தன் தலைக்கு மேலே பிடித்தார். பண்ணை வீட்டுத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று நடை நடந்தார். நடுவில் நின்று உள்ளங்கையை வேறு வெளியே நீட்டிப் பார்த்தார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "குடைக்காரரே குடை பிடிச்சுட்டாருடி!"

மாடியிலிருந்து பண்ணையும் பார்த்தார். காபி ஆறுவதற்குள் ஆள் வந்தது. அரைப்படி சம்மதம், உடனே வயலில் இறங்கு. மூன்று நாளில் அறுத்துப் போட்டோம். ஒரு சொட்டு விழவில்லை.

பண்ணை கடைக்கே வந்து குதித்தார். "யோவ், எங்கய்யா மழை?"

"பலகையில இல்லைன்னுதானேங்க போட்டிருக்கு?"

"அப்ப என்னாத்துக்குய்யா குடை பிடிச்ச?"

"அது ஒங்க குடைங்க. தைச்சத விரிச்சுப் பாக்காம எப்படிங்க குடுக்கிறது?"

அந்தக் கூலி நெல்லைக் குத்தி, வடித்து, முதல் சோற்றை அவருக்குத்தான் கொண்டுபோனேன். "எங்களுக்காகத்தானேண்ணே நடந்தீங்க?" என்றேன். அவர் இலையில் பொங்கி நின்ற சோற்றையே பார்த்தார். "பஞ்சுப்பொதி. இன்னிக்கு மழை இல்ல" என்றார். சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இப்போதும் கொளுத்துகிற வெயிலில் யாராவது குடை விரித்துக்கொண்டு போனால், எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.