போன ஞாயிற்றுக்கிழமைச் சூப்

மனிதர்களில் சூப் வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. காய்கறி வாங்கி, கழுவி, அளவு பார்த்து நறுக்கிச் சூப் வைப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வெறுமனே சமைக்கத் தெரிந்தவர்கள். நான் சொல்வது, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்து, மூலையில் வாடிக் கிடக்கும் கேரட்டைப் பார்த்து மனம் இளகி, தாகத்தை மறந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவரை. உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருப்பார். மூடி போட்ட கிண்ணத்தோடு உங்கள் கதவைத் தட்டுவார்.

அடையாளம் காண்பது சுலபம். நம்முடைய ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக். கழற்றிய எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது ஒரு நட்டு மிஞ்சினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர். வீட்டில் யாராவது எதையாவது குப்பைக்கூடைக்கு மேல் பிடித்தால் போதும், குளியலறைக்குள் இருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "போடாதீங்க, சூப்புக்கு ஆகும்" என்று குரல் வரும். முட்டைக்கோஸ் தண்டு சூப்புக்கு ஆகும். பாக்கெட்டின் அடியில் கிடக்கும் எட்டே எட்டு மக்ரோனி சூப்புக்கு ஆகும். காலி சாஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் வருகிற சிவப்புத் தண்ணீர், அதுதான் ஐயா சூப்பின் உயிரே! இவ்வளவும் ஒரு பானைக்குள் போய், எந்த வாரம் எது போட்டாலும், கடைசியில் மழைக்காலத்துச் சாலைத் தண்ணீரின் நிறத்தில் வந்து நிற்கும்.

குடிப்பதாவது நிம்மதியாக நடக்குமா? நடக்காது. கரண்டியும் கையுமாக எதிரில் நின்று உங்கள் முகத்தையே பார்ப்பார். இரண்டாவது வாய் இறங்குவதற்குள், "என்னென்ன போட்டிருக்கேன், சொல்லு பார்ப்போம்" என்று தேர்வு தொடங்கிவிடும். கல்லூரியில் படிக்கும் மகள் உத்தேசமாக நாலு காய் சொல்லித் தேறிவிடுவாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மில்லிகிராம் கணக்கில் மருந்து கலந்து கொடுக்கும் மனைவியோ, தெரிந்துகொள்ளாமல் குடிப்பதே உடம்புக்கு நல்லது என்று வாயைத் திறக்க மாட்டார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிறு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ருசி பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் கடிப்பார், கண்ணை மூடுவார், "சுமார்" என்பார். ஒரு லாரி பிஸ்கட் திரும்பிப் போகும். பெண் பார்க்க வந்த அன்று நம் மெக்கானிக்கையும் ஏற இறங்கப் பார்த்து அதையேதான் சொன்னார். மாப்பிள்ளை திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் இருபத்திரண்டு வருஷமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மச்சான் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அந்த மனிதருக்குக் கிடையாது.

அன்று அந்த மச்சான் சூப்பை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். முழுக் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

போகும்போது, அடுத்த ஞாயிறு வீட்டம்மாவையும் கூட்டி வருவதாகவும் இதே சூப்தான் வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போனார். நம் ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான், இதே சூப் என்றால் எந்தச் சூப் என்று உறைத்தது.

மனைவி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து விசாரித்தார். பூசணி எவ்வளவு என்றார். கொஞ்சம் என்றார் இவர். "கொஞ்சம்னா எவ்வளவுங்க?" "கிடந்த அளவு." ஒரு மணி நேர விசாரணையில் பதினோரு சாமான்கள் தேறின. ஆனால் பட்டியல் கையில் இருந்து என்ன பயன்? மிச்சம் மீதியை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

காய்கறிக் கடைக்குப் போய், ஒரு வாரம் ஆன கேரட் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழசெல்லாம் காலையிலேயே மாட்டுக்குப் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். வேறு வழியில்லாமல் புதுக் கேரட் வாங்கி வந்து ஜன்னலோரம் வெயிலில் காய வைத்து, வேலை முடிந்து வந்ததும் திருப்பிப் போட்டார் நம் மெக்கானிக். சாஸ் பாட்டில் அடிமட்டத்துக்கு வந்தாக வேண்டுமே? குடும்பமே கங்கணம் கட்டிக்கொண்டு மூன்று வேளையும் சாஸ் தொட்டுச் சாப்பிட்டது. எட்டு மக்ரோனிக்காக ஒரு முழுப் பாக்கெட்டை வேக வைத்துத் தின்று தீர்த்தார்கள். வியாழக்கிழமை மகள், தான் விடுதியில் சேர்ந்து படிக்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். இதற்கிடையில் வீட்டில் நிஜமாகவே மிஞ்சியதை எல்லாம், பட்டியலில் இல்லை என்று சொல்லி ஃபிரிட்ஜில் ஒதுக்கி வைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து "இது சூப்புக்கு ஆகாது" என்ற வாக்கியம் வந்தது. மனைவிக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஞாயிறு வந்தது. மச்சானும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். மருந்தகத்துத் தராசு தோற்கும் துல்லியத்தில் பதினொன்றும் பானைக்குள் போயின. அதே நிறம், அதே மணம், அதே கிண்ணம். மச்சான் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"சுமார்."

மெக்கானிக் கரண்டியைக் கீழே வைத்தார். அவமானம் என்பதைவிட, பாவம், அழுகைதான் வந்தது. போன வாரம் போட்டதில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று மெல்லச் சொன்னார்.

"குறையலை மாப்ள, அதான் விஷயம்" என்றார் மச்சான். "நேத்துத் தின்ன பிஸ்கட்டையே இன்னைக்கும் தின்னு, அதேதானான்னு பார்த்துக் கையெழுத்துப் போட்டே முப்பது வருஷத்தை ஓட்டினவன் நான். போன வாரந்தான், அடுத்த வாய்ல என்ன வரும்னு தெரியாமச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு."

நம் ஆள் கேட்டேவிட்டார்! இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அதுவும் போன வாரமே குடித்துத் தீர்ந்த சூப்புக்கு. மெக்கானிக் பட்டியலைக் கசக்கி எறிந்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். வாரம் முழுக்க ஒதுக்கி வைத்த அரை பீட்ரூட், வெந்த சோளம், காய்ந்த சீஸ் துண்டு எல்லாம் வரிசையாகப் பானைக்குள் விழுந்தன. பின்னாலேயே வந்த மச்சான் தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அந்த மூடி போட்ட டப்பால என்ன மாப்ள?"

"தெரியலை மச்சான்."

"போடுங்க."

அந்தச் சூப் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். குடித்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆனால் பானை காலி. புதன்கிழமை மச்சான் வீட்டம்மா போன் செய்தார். இரண்டு நாளாக அந்த மனிதர் குப்பைக்கூடைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம், இதற்கு உங்கள் மருந்தகத்தில் மாத்திரை ஏதாவது உண்டா என்று நாத்தனாரிடம் கேட்டார். இல்லை அண்ணி என்று பெருமூச்சு விட்டார் மருந்தகத்து அம்மா.

இது அப்படித்தான் பரவும். நீங்கள் சிரித்துக்கொண்டே படித்து வந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த பீட்ரூட் விழுந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, "கூடவே அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தால் சரியாகப் போயிருக்குமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.