பாதரசம் கட்டிய தாலி

கல்கத்தாவில் நாற்காலியைத் தேய்க்காமல் சம்பளம் வாங்கிய ஒரே குமாஸ்தா எங்கள் பாதரசம்தான். பவானிபூர் மெஸ்ஸில் நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி பேப்பர் படிப்பார். ஆனால் அந்தப் பெயர் வந்தது இந்தப் பரபரப்பால் அல்ல. ஒரு கடைவாய்ப் பல்லால்.

சொத்தையான அந்தப் பல்லைச் சௌரங்கியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வெள்ளிப்பொடியும் பாதரசமும் குழைத்து அடைத்துவிட்டார். அடைத்தது இன்னதென்று ஆபீஸில் ஒரு வங்காளி பாபு சொன்னதுதான் தாமதம், மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூடு பட்டால் பாதரசம் ஆவியாகி உடம்பில் ஏறுமாம். காபி ஏடு படிந்து ஆறிய பிறகுதான் குடிப்பார். கை நடுங்கினால் பாதரசம், தும்மினால் பாதரசம். டிராமில்கூடக் கைக்கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வருவார்.

இந்த லட்சணத்தில் கும்பகோணத்தில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாங்கள் சந்தேஷ் மிட்டாய் வாங்கி வந்தோம். அவரோ தந்தி அடித்துக் கல்யாணத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

"பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துடும் ஓய். உடம்பெல்லாம் அதை வெச்சுண்டு நான் எப்படித் தாலி கட்டறது? வெளுத்த தாலியோட அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னால எப்படி நிப்பா?"

அடைத்தது எப்போதோ கெட்டியாகிவிட்டது என்றேன். அதோடு நிறுத்தாமல், வேண்டுமானால் மோதிரத்தைக் கடித்துப் பாரும் என்றும் சொல்லித் தொலைத்தேன். தங்கம் பல்லில் பட்டதும் சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் துள்ளினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத்தான்.

பாதரசம் இன்னும் கெட்டியாகவில்லை என்று நேரே டாக்டரிடம் ஓடினார். நல்லபடி இருக்கும் பல்லைப் பிடுங்க மாட்டேன் என்று அவர் விரட்டிவிட, பௌபஜாரில் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் போனார். பூசணிக்காயாக வீங்கிய முகத்தோடு திரும்பி வந்து, பல் போய்விட்டது, இனிமேல் கட்டலாம் என்று சைகையால் சொன்னார்.

மாப்பிள்ளைத் தோழனாக நானும் மதராஸ் மெயிலில் ஏறினேன். கட்டாக் தாண்டியதும் ஒரு கொட்டாவி விட்டார். உள்ளே வெள்ளியடைப்பு பளபளத்தது. பிடுங்கியது பக்கத்துப் பல்லை.  அவர் பார்ப்பதற்குள் அந்தக் கைக்கண்ணாடியை எடுத்து என் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

முகூர்த்தத்தில் தாலியைக் கட்டிவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். தங்கம் தங்கமாகவே இருந்தது.

"பாத்தீரா, நல்ல வேளை பிடுங்கினேன்" என்றார் என் காதில்.

"ஆமாம் ஓய், நல்ல வேளை" என்றேன். முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் தலைகுனியக் கூடாதென்று பல்லைக் கொடுத்த மனிதரிடம் வேறென்ன சொல்வது? எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.